ராக்கையா எடுத்த படம்

2004 ஆகஸ்ட் 26, வியாழக்கிழமை, அதிகாலை ஐந்து ஐம்பதுக்கு, திருப்பூர் வீரபாண்டியில் உள்ள ஒரு நிட்டிங் கம்பெனியில் பதின்மூன்றாம் நம்பர் மிஷினில் நூல் அறுந்தது. மிஷின் தானாக நின்று, அதன் தலைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த மயில்சாமி, வயது ஐம்பத்தாறு, அறுந்த நூலை முடிச்சுப் போடப் போனவர், மிஷினுக்குப் பின்னால் விழுந்து இறந்தார். விளக்கு ஏழு நிமிடம் எரிந்துகொண்டிருந்தது.

காலை பத்தரை மணிக்கு அவருடைய மகள் அன்புசெல்வி, அப்பா கிடத்தப்பட்டிருந்த வீட்டுக்கு ஆறு வீடு தள்ளி, வெள்ளையம்மாள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ராக்கையாவின் வலது கையை ஒரு வீடியோ கேமராவின் பட்டைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் உள்ள விடுங்க சித்தப்பா. நாலு வெரலும் போகோணும். கட்டை வெரல் மட்டும் வெளிய இருக்கட்டும்."

"நம்ம கை தடிச்ச கையி தாயி. இம்புட்டுப் பட்டைக்குள்ள எங்கிட்டு நுழையும்?"

"கழட்டி லூசு பண்றேன். இருங்க."

ராக்கையா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். திருப்பூருக்கு வந்து பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருடமும் பன்னிரண்டாம் நம்பர் மிஷினில் நின்றவர். பதின்மூன்றில் மயில்சாமி. இரண்டு பேருக்கும் நடுவில் நான்கடி இடைவெளி. காலையில் மயில்சாமியை முதலில் பார்த்தவரும் அவர்தான். இன்னும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். தோளிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது.

கேமரா பழைய ஹேண்டிகேம். அன்புசெல்வியும் அவள் புருஷன் சுரேஷும் குன்னத்தூரில் சிறிய வீடியோ கடை வைத்திருந்தார்கள். அவன் கல்யாணங்களுக்குப் போய் எடுப்பான். அவள் கடையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பாள். அன்று முகூர்த்த நாள். சுரேஷ் பெரிய கேமராவோடு மடத்துக்குளத்தில் ஒரு மண்டபத்தில் இருந்தான். தாலி கட்டி, விருந்து முடிவதற்கு முன்னால் கேமராக்காரன் எழுந்து போக முடியாது. போனில், "முடிஞ்ச அடுத்த நிமிசம் கெளம்பறேன் செல்வி, முடிஞ்ச அடுத்த நிமிசம்" என்று இரண்டு முறை சொன்னான். அவள் தெரிந்த கேமராக்காரர்கள் நான்கு பேருக்குப் போன் போட்டாள். நான்கு பேர் போனிலும் நாதஸ்வரம் கேட்டது. கடையில் மிச்சமிருந்தது இந்த ஹேண்டிகேம், ஒரு பேட்டரி, சார்ஜர், ஒரு டேப். நான்கையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாப்பில் தம்பி முகிலன் நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. பையை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, அம்மா உன்னய ஊட்டுக்குக் கூட்டியார வேண்டாங்குது."

அவளுக்கும் தெரிந்ததுதான். அவளுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் பிள்ளை உள்ளவள் பிணத்தைப் பார்க்கக் கூடாது. இதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி, ஒன்று மூன்றாம் மாதத்திலும் ஒன்று ஐந்தாம் மாதத்திலும் போயிற்று. அந்த இரண்டு முறையும் அவள் எந்தப் பிணத்தையும் பார்க்கவில்லை. ஆனால் அதைச் சொல்லி வாதாடும் இடமல்ல இது. அம்மா மருதாள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிற நேரத்திலும் அழுகையை நிறுத்தி, மகனைக் கூப்பிட்டு, "அக்காளை முக்குலயே நிறுத்திப்போடு, வெள்ளையம்மா ஊட்டுல உக்கார வை" என்று சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி அழத் தொடங்கியிருந்தாள்.

அப்பாவைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் குன்னத்தூருக்கு வந்தார். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று கம்பெனியிலிருந்து ஒரு பை நிறைய மெத்தென்ற பனியன் துண்டுகள் கொண்டுவந்தார். அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, மோர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவளுடைய கல்யாண கேசட்டை அவளேதான் வெட்டி ஒட்டினாள். இரண்டரை மணி நேரத்தில் அப்பா மூன்று இடத்தில் வருவார். மூன்றிலும் முதுகு. ஒன்றில் நாற்காலி தூக்கிக்கொண்டு போவார்.

பஸ்ஸில் வரும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். நேரில் விட மாட்டார்கள். படத்திலாவது அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் அனுமதி தேவைப்பட்டது. காரியங்களை முன்னின்று நடத்தும் பெரியவர் சிவசுப்பிரமணியத்திடம் முகிலன் போய்க் கேட்டான். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாராம். இப்படி ஒரு கேள்வி இதுவரை அவரிடம் வந்ததில்லை.

"கண்ணாடிக்குள்ள தெரியறது நெழல்தானுங்கொ. நெழலுக்குத் தீட்டு இல்லீங்கொ. ஆனா கேமராப் பெட்டிய மசானத்துல இருந்து நேரா அந்தப் புள்ள கைக்குக் கொண்டுபோவக் கூடாது" என்றாராம்.

பிடிக்க ஆள் வேண்டுமே. முகிலன் கொள்ளி வைக்கிறவன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை, ஒரு வேலை. சித்தப்பா என்று வாய் நிறையக் கூப்பிட்டாலும், எந்த முறையும் இல்லாத ஒரே ஆள் ராக்கையா. வாசலில் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தவரை முகிலன் கூட்டிவந்து அவள் முன்னால் உட்கார வைத்தான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே தாயி" என்றார் ராக்கையா. "போட்டோவுக்கே ரெண்டு தடவதான் நின்னிருக்கேன்."

"ஒண்ணும் கஷ்டமில்லீங்க. சொல்றதக் கேளுங்க போதும்." அவள் லென்ஸ் மூடியைக் கழற்றி அவருடைய சட்டைப் பையில் போட்டாள். "இது பையிலயே இருக்கட்டும். இந்தச் சக்கரத்த இங்க திருப்பி வெச்சிருக்கேன், அதத் தொடவே தொடாதீங்க. இந்த ஓட்டைல ஒரு கண்ணை வெச்சுப் பாருங்க. சைடுல ஸ்கிரீன் இருக்குது, அதைத் தொறந்தா பேட்டரி சீக்கிரம் தீந்துரும். ஓட்டைலதான் பாக்கோணும். தெரியுதுங்களா?"

"தெரியுது. வெள்ளையம்மா தெரியுறாக. சின்னதா இருக்காக."

"இன்னிக்குத்தான் நான் சின்னதா இருக்கேனாக்கும்" என்றாள் வெள்ளையம்மாள். பனியன் கம்பெனியில் மடித்துப் பெட்டி கட்டுகிறவள். இன்றைக்கு அன்புசெல்விக்குத் துணையாக லீவு போட்டிருந்தாள். "சோத்தக் கண்டா ஊதுதுன்னு எங்க சூப்பர்வைசர் சொல்லுவான்." சொன்ன பிறகு, சிரிக்கும் நாள் இல்லை என்று நினைவு வந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டை வெரல் படற எடத்துல ஒரு பொத்தான் இருக்குதுங்களா? அதை ஒருக்கா அழுத்துனா எடுக்கும். இன்னொருக்கா அழுத்துனா நின்னுரும். அழுத்துங்க."

அழுத்தினார். கண்ணை ஓட்டையிலிருந்து எடுத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"எடுக்குது. மறுபடி அழுத்துங்க. நின்னுருச்சு. அவ்வளவுதான். முழங்கையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கோங்க, ஆடாது. வெயில் உங்க முதுகுப் பக்கம் இருக்கோணும். எதுக்க இருந்தா அப்பா மொகம் கறுப்பா விழுந்துரும். எந்த எடத்தக் காட்டுனாலும் அசையாம மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அப்பறம் அடுத்தது. சர்ருனு திருப்பாதீங்க."

"பத்து."

"மொகத்துகிட்ட மட்டும் முப்பது எண்ணுங்க சித்தப்பா."

அவர் தலையாட்டினார். புருவத்திலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கு கேமராவின் மேல் விழுந்தது. அவள் அதை ஊதிவிட்டாள்.

"ஓட்டைக்குள்ள ஓரமா ஒரு சிவப்பு லைட் வரும். முன்னாலயும் ஒண்ணு எரியும். அதை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அது தெரியாதா தாயி. இம்புட்டு வருசமா வேற என்னத்தப் பாத்தோம்? செவப்பு லைட்டத்தான பாத்தோம்."

அவள் அடுத்ததைச் சொல்ல வாயெடுக்கும்போது தெருவில் தப்பட்டை அதிர்ந்தது. முகிலன் வாசலுக்கு வந்து, "குளிப்பாட்டப் போறாங்க, வாங்க" என்றான். ராக்கையா எழுந்தார். கேமராவைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாசல்படியில் கால் தடுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

அதன் பிறகு மூன்று மணி நேரம் அவளுக்குக் காது மட்டும்தான். ஆறு வீட்டுக்கு அப்பால் நடப்பதை ஒலியிலிருந்து கட்டிக்கொண்டாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம். சங்கு. கோடித்துணி கொண்டுவந்தவர்களைக் கண்டு பெண்கள் கும்பலாக எழுப்பிய ஓலம். அத்தனை குரலிலும் அம்மாவின் குரல் தனியாகத் தெரிந்தது. மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அவள் மூச்சு வாங்கவில்லை.

வெள்ளையம்மாள் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்தாள். "குடி கண்ணு. நீ குடிக்காட்டியும் உள்ள இருக்கறதுக்குக் குடு."

"இப்ப வேண்டாங்க்கா."

"வெசனம் எல்லாருக்கும் இருக்குது. பாலு ஆறிப்போவும்."

குடித்தாள். அந்த நேரத்தில் ராக்கையா எங்கே நிற்பார் என்று யோசித்தாள். வாசல் கிழக்குப் பார்த்தது. வெயில் இந்நேரம் தலைக்கு மேலே வந்திருக்கும். கண் குழிகளில் நிழல் விழும். விழுந்தால் விழட்டும். கடையில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு மணிக்குத் தப்பட்டை இடம் பெயர்ந்தது. வெள்ளையம்மாள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலின் இரண்டு பலகையையும் இழுத்துக் கொக்கி மாட்டினாள். பழைய பலகை. நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சந்து விட்டிருந்தது. அதன் வழியாக வெயில் ஒரு கோடாக வந்து தரையில் விழுந்தது.

"பின்னாடி சமையக்கட்டுக்குப் போயிரலாம், வா அம்மிணி."

அன்புசெல்வி எழுந்தாள், போகவில்லை. தப்பட்டை நெருங்கி வந்தது. பாத்திர அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. வெள்ளையம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். திடீரென்று அழ ஆரம்பித்தாள்.

"பெத்த அப்பன் வாசல்ல போறான். என்ன சாஸ்திரமோ என்ன எழவோ. ஒரு நொடி, கண்ணு. அந்தச் சந்துல ஒரு நொடி பாத்துட்டு வந்துரு. நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கொழந்தைக மேல சத்தியமா."

ஜன்னலுக்கு நான்கு எட்டு. அவள் மூன்று எட்டு வைத்தாள். பலகையின் மேல் கையை வைத்தாள். மரம் வெயிலில் சுட்டது. இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. ஆனால் ஏதாவது ஆகிவிட்டால், ஆயுள் முழுக்க இந்தச் சந்துதான் கண்முன் நிற்கும் என்று தெரிந்தது. அம்மா வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சுரேஷும் சொல்ல மாட்டான். அவளே சொல்லிக்கொள்வாள். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு எவர்சில்வர் தட்டைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனது நினைவு வந்தது.

இந்த ஒரு நொடி இல்லாவிட்டாலும் முப்பது எண்ணுகிற நேரம் அவளுக்கு இருக்கிறது. வேண்டுமட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

கையை எடுத்தாள். "வேண்டாங்க்கா. சித்தப்பா எடுத்துட்டுப் போறாரு. பொறவு நிதானமாப் பாத்துக்கறேன்."

திரும்பி நின்றுகொண்டாள். பாடை மூங்கிலின் கிறீச்சல் பலகைக்கு அந்தப்புறம் கேட்டது. பல கால்கள். யாரோ, "மெல்ல, மெல்ல, பள்ளம்" என்றார்கள். தரையில் கிடந்த வெயில் கோடு விட்டுவிட்டு அணைந்து எரிந்தது. பிறகு நிலையாக எரிந்தது. முக்கு வரை போன பெண்கள் திரும்பி வந்தார்கள். தெருவில் தண்ணீர் தெளித்தார்கள்.

நான்கு மணிக்கு ராக்கையா வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று, கேமராவை மதில் மேல் வைத்தார்.

"தாயி! கொண்டாந்து வச்சுட்டேன். குளிச்சுட்டு வர்றேன்."

வெள்ளையம்மாள் ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீரோடும் வேப்பங்கொத்தோடும் மதிலை நோக்கிப் போனாள். அன்புசெல்வி உள்ளிருந்து கத்தினாள்.

"அக்கா, தண்ணி படக் கூடாதுங்க்கா! கெட்டுப்போயிரும்!"

"மசானத்துல இருந்து வந்திருக்குது. தெளிக்காம எப்படி உள்ள விடறது?"

"ஒரு சொட்டு உள்ள போனாலும் போச்சுங்க்கா."

வெள்ளையம்மாள் கொஞ்ச நேரம் சொம்போடு நின்றாள். பிறகு மதிலைச் சுற்றித் தெளித்தாள். கேமராவுக்குக் கற்பூரம் காட்டி மூன்று சுற்று சுற்றினாள். அதற்கும் மனம் ஒப்பாமல் வேப்பங்கொத்தை மட்டும் அதன்மேல் வைத்து, "அரை மணி நேரம் வெயில்ல கெடக்கட்டும், வெயிலுக்கு மேல சுத்தம் எது" என்று தீர்ப்புச் சொன்னாள். வீடியோ கேமராவை வெயிலில் வைக்கக் கூடாது. அன்புசெல்வி அதைச் சொல்லவில்லை.

நான்கரைக்குக் கேமரா அவள் மடிக்கு வந்தது. சார்ஜரில் சொருகினாள். பக்கத்து ஸ்கிரீனைத் திறந்து டேப்பைப் பின்னால் ஓட்டினாள். அது ஓடிக்கொண்டே இருந்தது. கவுன்டர் எண்ணைப் பார்த்தாள், முப்பத்தெட்டு நிமிடம். நெஞ்சு இளகியது. மனுஷன் நிறைய எடுத்திருக்கிறார்.

பொத்தானைத் தட்டினாள்.

சாமியானாவின் நீல ஓரம் ஒரு நொடி வந்தது. வெட்டியது. அடுத்தது தரை. செம்மண் தரை, ராக்கையாவின் வேட்டிக்கரை, ரப்பர் செருப்பு. படம் ஆடிக்கொண்டே இருந்தது. கேமரா அவர் இடுப்போரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. பின்னால் தப்பட்டையும் அழுகையும். ஆறு நிமிடம் அதே வந்தது. பிறகு கேமரா மேலே எழும்பியது. தெரிந்தது ஒரு மூங்கில் கம்பு, யாரோ ஒருவரின் தோள். வெட்டியது. மறுபடி தரை.

மூன்றாவது முறை தரை வந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த டேப்புகளில் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். எடுக்கிறோம் என்று நினைக்கும்போது நின்றிருக்கும்; நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக் கேமராவை இறக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு அழுத்து மாறிவிட்டால் போதும், கடைசி வரை எல்லாம் தலைகீழ். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அது வழியில் எங்காவது ஒருமுறை தானாக நேராகிவிடும். இந்த டேப்பில் ஒரு இடத்தில்கூட நேராகவில்லை. யாரோ கவனமாக இருந்து பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அவள் விடவில்லை. அது அவளுடைய தொழில். கேமரா மேலே எழும்பும் ஒவ்வொரு இடத்தையும் நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம். ஒரு இடத்தில் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிய இரண்டு பெருவிரல்கள் வந்தன. அப்பாவின் இடது பெருவிரல் நகம் பிளந்திருக்கும், பிளந்திருந்தது. பதினோரு படம். வெட்டியது.

மயானம் வந்தது. வறட்டி அடுக்கின் ஓரம், யாருடையவோ காலடி, பிறகு கேமரா எழும்பியது. முழங்கால். மடித்து வைத்த கைகள். மாலை. மாலையின் மேல் பக்கம். அத்தோடு நின்றது.

அடுத்த படம் ராக்கையாவின் சட்டைப் பொத்தான். பொத்தானை அழுத்தியபின் டேப் ஓடத் தொடங்க ஒரு நொடி ஆகும். அந்த நொடிக்குள் கேமராவை இறக்கிவிட்டிருந்தார். படம் கீழே போய் மண்ணில் நின்றது. மேலே அவர் குரல் தெளிவாகக் கேட்டது; யாரிடமோ சொல்கிறார்.

"நல்லா எடுத்துட்டேன். முப்பது எண்ணச் சொல்லுச்சு, நான் அம்பது எண்ணுனேன். புள்ள பாத்துக்கிரும்."

பிறகு ஏழு நிமிடம் மண். ஒரு எறும்பு வரிசை. புகை வந்து வரிசை கொஞ்சம் கலைந்தது. டேப் நின்றது.

வெள்ளையம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்குதா கண்ணு? உங்கப்பன் மொகம் தெளிவாத் தெரியுதா?"

"ம்."

"நான் பாக்க மாட்டேன். எனக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராக்கையா குளித்துவிட்டு, மாற்றுச் சட்டையில், தலையைத் துவட்டாமல் வந்தார். தண்ணீர் காதோரம் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வந்துருக்கா தாயி?"

அவள் ஸ்கிரீனை மூடினாள். "சித்தப்பா, சிவப்பு லைட்டப் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனா?" அவர் முகத்தில், அந்த நாளில் முதன்முறையாக, ஒரு தெளிவு வந்தது. "ஒரு தடவகூட எரிய விடலையே. ஆரம்பத்துல அமுக்குனேன், பொசுக்குன்னு செவப்பு எரிஞ்சுச்சு. நின்னுபோச்சுன்னு உடனே அமுக்கிவிட்டேன். அணைஞ்சு ஓட ஆரம்பிச்சுருச்சு. பெறகு கடைசி வரைக்கும் ஓட்டந்தான். நிறுத்தணும்னா மட்டும் அமுக்குவேன், செவப்பு வந்துரும்." கொஞ்சம் நிறுத்தினார். "காலைல எரிஞ்சப்ப நான் போகல தாயி. அண்ணன் டீக்குப் போயிருப்பாரு, வந்து முடிஞ்சுக்கிருவாருன்னு என் மிஷினப் பாத்துக்கிட்டு நின்னேன். ஏழு நிமிசம். அதான் இங்க ஒரு நொடிகூட எரிய விடல."

அவளுக்கு அப்பாவின் கம்பெனி தெரியும். சின்ன வயதில் சோறு கொண்டு போயிருக்கிறாள். வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விளக்கு. சிவப்பு எரிந்தால் மிஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஓடிப்போய் முடிச்சுப் போட்டு, பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் எடுக்கிறது என்று அவள் சொன்னாளா? பாருங்கள் என்றுதான் சொன்னாள். எரிந்தால் என்ன என்று சொல்லவில்லை. அவளுடைய தொழிலில் அதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"டேப்பு அறுந்து போச்சுங்க சித்தப்பா" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "அறுந்துருச்சா?"

"பின்னால ஓட்டறப்ப அறுந்துருச்சுங்க."

"முடிச்சுப் போட முடியாதா?"

"முடியாதுங்க."

"நூலுன்னா முடிஞ்சிறலாம்" என்றார். தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு கணம் பார்த்தார். "நான் எதுவும் அழுத்தமாப் புடிச்சுட்டனா? கை தடிச்ச கையி."

"இல்லீங்க. உங்க மேல ஒண்ணுமில்ல. பழைய டேப்பு. என் தப்பு, புதுசு வாங்கியாந்திருக்கோணும்."

தெருவில் சாமியானா கம்புகளைக் கழற்றி வேனில் போடும் சத்தம் கேட்டது.

"நீங்க பாத்தீங்கல்ல சித்தப்பா" என்றாள் அவள். "அத்தன நேரம் பாத்தீங்க. நீங்க சொல்லுங்க. அப்பா மொகம் எப்படி இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி இருந்தாரு தாயி."

"அது எல்லாரும் சொல்றாங்க. தாடி எடுத்திருந்தாங்களா? போன மாசம் நாலஞ்சு நாள் தாடியோட இருந்தாரு."

ராக்கையா வாயைத் திறந்தார். மூடினார். தரையைப் பார்த்தார். தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நெத்தீல திருநீறு வெச்சாங்களா? மிஷின்ல கீழ விழுந்தாரே, அடி எங்காச்சும் தெரிஞ்சுதா? கண்ணு முழுசா மூடியிருந்துச்சுங்களா?"

அவர் சொன்னார்.

"நான் லைட்டத்தான தாயி பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் மடியிலிருந்த கேமராவைப் பார்த்தாள்.

"மூலையில. எரிஞ்சுருமோ, எரிஞ்சுருமோன்னு. அத விட்டுக் கண்ண எடுக்கல." தோளில் கிடந்த துண்டை எடுத்தார், முகத்தைத் துடைக்காமல் அதை மடித்தார். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து முழங்காலில் வைத்தார். "ஓட்டையில அண்ணன் முகம் இருந்துச்சு. இருந்துச்சுன்னு தெரியும். நான் பாக்கல."

வெள்ளையம்மாள் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ராக்கையா எழுந்து, "வர்றேன் தாயி" என்றார். சாவு வீட்டுப் பக்கம் போய் அப்படிச் சொல்லக் கூடாது. அவருக்கு அது தோன்றவில்லை. அவளும் தலையாட்டினாள்.

ஆறரைக்குச் சுரேஷ் வந்தான். பெரிய கேமராப் பை தோளில்; சட்டையில் கல்யாணச் சந்தனம். மாமனார் வீட்டுக்குப் போய் மாமியார் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தான். அவள் ஹேண்டிகேமை அவனிடம் கொடுத்தாள். நின்றபடியே ஸ்கிரீனைத் திறந்து, ஓட்டிப் பார்த்தான். நிறுத்தினான். மறுபடி ஓட்டினான். அவனுக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

"முழுசும் இப்படியேவா?"

"முழுசும்."

"மாத்திச் சொல்லிட்டயா?"

"சொல்லலீங்க."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைப் பிடிக்கப் போனான். கையில் சந்தனம் இருந்ததைப் பார்த்து வேட்டியில் துடைத்தான்.

"அத்தையோட சத்தமாவது இருக்குது செல்வி. எடுத்து வெச்சுக்கலாமா?"

"வேண்டாங்க. டேப்பு இருந்தா முகிலன் சும்மா இருக்க மாட்டான், டிவில போடுன்னுவான். அம்மாளும் கேக்கும். எல்லாரும் உக்காந்து பாப்பாங்க. சித்தப்பாவையும் கூப்புட்டு உக்கார வெப்பாங்க." டேப்பை வெளியே எடுத்து அவனிடம் நீட்டினாள். "அறுந்துருச்சுன்னு சொல்லிப்போட்டேன். கடையில மத்த டேப்போட போட்டுருங்க."

அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

செப்டம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, குன்னத்தூரில் ஒரு காதுகுத்து. சுரேஷ் அந்த டேப்பை முதலுக்கு ஓட்டி, அந்த முப்பத்தெட்டு நிமிடத்தின் மேலேயே எடுத்தான். நாற்பத்தொரு நிமிடம் வந்தது.